ஆளில்லாக் கணக்கு

சம்பளப் பட்டியலில் அதற்குப் பெயரில்லை.
அடையாள அட்டை இல்லை, ஒருநாள் லீவு எடுத்ததில்லை.
சங்கத்தின் பதினொரு கிளைகளில்
நாற்பத்துமூன்று கணினிகளிலும்
அதுதான் நிர்வாகி.

இரவு பதினொன்றரைக்கு எழும்பும்.
வாகரையில் அன்றைய வரவைப் பிரதி எடுக்கும்,
மறுகா செங்கலடி, மறுகா களுவாஞ்சிகுடி,
பாதைக்குக் காத்து நிற்காமல் வாவி கடந்து
படுவான்கரையில் ஏறும்.
எல்லாக் கதவுக்கும் ஒரே திறப்பு.

திறப்பை வெட்டிக் கொடுத்த சாந்தரூபன்
இப்போது தோஹாவில்.
வாட்ஸ்அப்பில் கேட்டேன்.
"அவசரத்துக்குக் குடுத்தது மிஸ்,
மறுகா எடுப்பம் எண்டு இருந்தன்."
ஆறு வருசம்.
எங்கள் சங்கத்தில் அவசரம் மட்டும்
நேர்முகப் பரீட்சை இல்லாமல் நிரந்தர நியமனம் பெறும்.

கணக்காய்வாளர் விரலை வைத்துக் கேட்டார்:
"இந்த உத்தியோகத்தர் எந்த மேசை?"
ஆளில்லை ஐயா என்றேன்.
"ஆளில்லாத ஆளுக்கா
அடைவு நகைக் கணினியில் முழு அதிகாரம்?"

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.
வெல்லாவெளியில் நிர்வாகிகள் ஏழு பேர்:
இருவர் ஓய்வுபெற்றவர்கள், ஒருவர் மோசம் போனவர்,
ஒருவர் 'டெஸ்ட்', ஒருவர் 'டெஸ்ட் இரண்டு',
ஒருவர் ஒருமுறை பிறின்டர் திருத்த வந்தவர்.
ஏழாவது, அது.

உன்னிச்சைத் தண்ணியை ஆளாளுக்கு வெட்டிவிட்டால்
கடைசிக் கண்டம் காயும் என்று
வட்டவிதானைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.
எனக்கு ஒரு கணக்காய்வு தேவைப்பட்டது.

பட்டியலைத் தலைமைக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்தேன்.
இனி ஒன்றே ஒன்று.
தொண்ணூறு நிமிசத்துக்கு ஒருக்கா, கொஞ்சம் முன்னப்பின்ன,
ஒவ்வொரு கணினியும் தானாக வந்து கேட்கும்:
ஆரை உள்ளே விட?
கிளையில் எவராவது ஒரு பெயரைச் செருகினால்
ஊற்றிய தேத்தண்ணி ஆறி, அடுத்ததும் ஆறுவதற்குள்
அது போயிருக்கும்.

ஆளில்லாக் கணக்குக்கு ஒரு கோப்புறை.
பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். அவ்வளவு.

மூடும்போது கண்ணில் பட்டது இன்னொரு பெயர்,
நாற்பத்துமூன்றிலும்.
காலையில் மின்னஞ்சல் வாசிக்கிற,
மத்தியானம் சேலை விலை பார்க்கிற அதே பெயர்.
என்னுடையது.
விரல் கொஞ்சம் நின்றது.
அழித்தேன்.

எட்டு நாற்பதுக்கு அம்பிளாந்துறையிலிருந்து சுகிர்தமலர்:
"மிஸ், அடைவுப் பக்கம் திறக்குதில்ல.
நாளைக்குக் கலியாணம்.
மாலை மீட்கப் பொம்புளைட தாய் வந்து நிக்கிறா."

அந்த மென்பொருளை எவரோ
ஆளில்லாக் கணக்கின் பெயரில் ஓடவிட்டிருக்கிறார்.
எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

பழையபடி சேர்த்தால் ஒரு வரி.
அவசரத்துக்கு, என்று எனக்குள்ளே சொன்ன குரல்
தோஹாக் குரல்.

குருக்கள்மடத்தில் பாதை ஏறினேன்.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மூட்டை கோழித்தீன்,
மடியில் லெப்டொப்.
இரவிரவாக அது ஒரு நொடியில் கடந்த தண்ணி
எனக்குப் பகலில் இவ்வளவு அகலம்.

அந்த மென்பொருளுக்கு அதுக்கென்றே ஒரு கணக்கு,
அந்த ஒரு கணினியில் மட்டும்.
ஏன், ஆர் சொல்லி, எதுவரைக்கும்:
இந்தமுறை எழுதி வைத்தேன்.
மாலையைக் கையில் வாங்கிய தாய் கேட்டா,
"நீங்களா மிஸ் பூட்டினது?"
ஓம் என்றேன்.
அவ மாலையைத் திரும்ப எண்ணத் தொடங்கினா,
ஒவ்வொரு குண்டுமணியாக.

அடுத்த நாள் காலை பதிவேட்டில் பார்த்தேன்.
பதினொன்றரைக்கு எழும்பியிருக்கிறது.
வழக்கமான வாசல்களில் தட்டி, மறுக்கப்பட்டு,
தன் கோப்புறையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.
நாற்பத்திரண்டு மறுப்பு.

வாகரைக் கணினி ஒன்று இன்னும் கேட்க வரவில்லை.
வெள்ளத்தோடு அறுந்த லைன்.
அங்கே அந்த இருட்டறையில்
அது இன்னும் நிர்வாகி,
நானும்.